அப்பாவைத் தாண்டிப் போன எல்லை

தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு எண்பத்தொன்பது வயது. இடுப்பு எலும்பு முறிந்து, செங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, திருநெல்வேலியில் என் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"ஏலே, மறுபடியும் எல்லைய நவுத்திட்டாவளா?"

"மாவட்டம்தாம்மா. ஆபீசு மாறும், பேப்பர்ல பேரு மாறும். வேற ஒண்ணும் இல்ல."

"நம்ம வீடு எந்தப் பக்கம்?"

"செங்கோட்டை தென்காசியோட போயிட்டு. நாம இருக்கது திருநெல்வேலிதான்."

அம்மா கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ அவிய வந்தா ரெண்டு எல்லை தாண்டில்லா வரணும்" என்றாள்.

அவிய என்றால் என் அப்பா. எனக்கு ஆறு வயது இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். அவர் போனதும் இப்படி எல்லை நகர்ந்த ஒரு நாளில்தான். அவர் திரும்பி வருவார் என்று அம்மா அறுபத்து மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். அவர் வரமாட்டார் என்பது எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கம் வராத வயது வந்துவிட்டதால் இப்போதெல்லாம் அதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். எழுதுவதும் அதனால்தான்.

அம்மா செங்கோட்டையில் ஒரே தெருவில் பிறந்து, அதே தெருவில் கல்யாணமாகி, அதே தெருவில் கிழவியானவள். ஆனால் அவளை ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிறந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. கல்யாணமான அடுத்த வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் சென்னை ராஜ்யம். அப்புறம் தமிழ்நாடு. மாவட்டத்தின் பெயரில் நடுவில் ஒரு வீரரின் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு கழன்றது. இத்தனைக்கும் அம்மா வாசற்படியைவிட்டு நகரவே இல்லை. "நா எங்கயும் போகல, எல்லாரும்தான் என் வீட்டுக்கு வந்து வந்து போறாவ" என்பாள். கிண்டலாகச் சொல்லுவாளா, வருத்தமாகச் சொல்லுவாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பா செங்கோட்டைக்காரர் இல்லை. தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் தென்காசி வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது, செங்கோட்டை ராஜாவின் ஆட்சியில் இருந்தது. நடுவில் ஐந்தாறு மைல்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கத்தில் கைவைக்க முடியாது. மனுப்போட்டு, பதில் வாங்கி, மறுபடியும் மனுப்போட வேண்டும். அதனால் கிழக்கே தப்புச் செய்தவன் மேற்கே ஓடுவதும், மேற்கே தப்புச் செய்தவன் கிழக்கே ஓடுவதும் எங்கள் பக்கத்தில் சகஜம். அப்பா கிழக்கிலிருந்து ஓடிவந்தவர் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஏதோ சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். பெயரையும் மாற்றிச் சொல்லியிருந்தார். அவருடைய இரண்டு பெயர்களில் எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

அரிசி ஆலையில் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் ஊருக்கு விளங்காத ஒரே விஷயம், அவர் குற்றாலத்தில் குளிக்கமாட்டார். எங்கள் ஊரில் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகாதவன் மனுஷனே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் அருவி. ஆனால் குற்றாலம் அந்தப் பக்கம். ராஜாவின் எல்லை முடியும் இடத்தில் சாலையோரம் ஒரு கல் நட்டிருந்தார்கள். அப்பா அந்தக் கல் வரைக்கும் எங்களோடு நடந்து வருவார். பிறகு அங்கேயே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். நானும் அம்மாவும் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பார். நாங்கள் திரும்பி வந்ததும் என் ஈரத் தலையைத் துவட்டிவிடுகிற சாக்கில் குனிந்து முகர்ந்து பார்ப்பார். அருவித் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு, பச்சிலை வாசனை. அதை அவர் இழுத்து இழுத்து முகர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"நீங்களும் வந்தா என்ன?" என்று அம்மா கேட்பாள்.

"எனக்குச் சளி பிடிக்கும்" என்பார்.

இதைக் கேட்டு ஆலையில் எல்லாரும் சிரிப்பார்களாம். சளி பிடிக்கும் என்று அருவியை விட்டவர் கார்த்திகை மழையில் குடையில்லாமல் நடந்து போவார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, ராஜ்யமும் இந்தியாவோடு சேர்ந்து, ஒரே சட்டம் என்று ஆன பிறகும் அப்பா கல்லைத் தாண்டவில்லை. பல வருஷம் கழித்து, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் அண்ணாச்சியிடம் யாருக்கோ நடந்தது போல இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "நாடு ஒண்ணான பிறவு அந்தக் கல்லு வெறும் கல்லுதான்வே. எந்தப் போலீசும் வாரண்டோட போய்ப் பிடிச்சிருக்கலாம். உம்ம ஆளு கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ஆறேழு வருசம் சும்மா பயந்திருக்காரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை. அதுதான் அவர் செய்த பெரிய தப்பு என்று நினைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, நவம்பர் ஒன்று. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அன்று செங்கோட்டை தமிழ்ப் பக்கம் வந்தது. மேற்கே காடும் மலையுமான பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. ஊருக்கு அது திருவிழா. இதற்காக எத்தனையோ பேர் போராடி உதைபட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு காகிதக் கொடியும் பூந்தியும் கொடுத்தார்கள். மலையாளம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் முந்தின நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு புனலூருக்கு ரயிலேறியிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் பூந்தியும் பிடித்திருந்தது.

ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்துகொண்டிருந்தது. நான் அப்பாவிடம் பூந்தியைக் காட்ட வீட்டுக்குள் ஓடினேன். அவரும் அம்மாவும் அடுக்களையில் நின்றிருந்தார்கள். ஆறு வயதுக்காரனின் ஞாபகத்தை அதிகம் நம்பக் கூடாது, பாதி பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அப்பா சொன்னாராம்: "மடைத் தண்ணிச் சண்டையில மம்பட்டியால ஒருத்தன் தலையில போட்டுட்டேன். அவன் விழுந்தான். நான் திரும்பிப் பாக்காம ஓடி வந்துட்டேன். இவ்வளவு நாளும் அவங்க ஊரு அந்தால இருந்திச்சு. இன்னைக்கு நம்ம வீடு அவங்க ஊருக்குள்ள போயிட்டு."

எனக்கு நிச்சயமாக நினைவிருப்பது, அவர் என் கையிலிருந்து ஒரே ஒரு பூந்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதும், குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதும்தான். முன்வாசலில் எல்லாரும் வாழ்க வாழ்க என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலை இன்றைக்கும் எங்கேயாவது ஊர்வலத்தில் கேட்டால் நான் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவேன். ஊரே சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்த நாளில் எங்கள் வீட்டில் ஒருவர் நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்குப் பிறகுதான். ஊர் கைமாறியதும் தாலுகா ஆபீசுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு பியூன் அப்பாவின் கிராமத்துக்காரர். செங்கோட்டையில் அப்போது ஒரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் கண்ணாடிக்குள் மாதிரிக்கு வைத்திருந்த படம் என் அம்மா அப்பாவின் கல்யாணப் படம். பியூன் அதைப் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

தை மாதம் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துண்டை எடுத்ததும் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் முடி முளைக்காத ஒரு பள்ளம் தெரிந்தது. நான் பயந்து அம்மாவின் பின்னால் போய் நின்றேன். அம்மா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தாயி, நான் சாகல" என்றார் அவர். "மூணு மாசம் படுக்கையில கெடந்தேன், எந்திரிச்சுட்டேன். கேசு ஒண்ணும் கெடையாது. ஊர்க்காரங்க பேசி முடிச்சாச்சு. மொதல்ல கைய நீட்டுனது நாந்தான். அவன எங்க?"

அம்மா அழவில்லை, சிரித்தாளாம். சிரிப்பை நிறுத்த முடியவில்லையாம். மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும். மூன்றே மாதம்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வேலை. மேற்கே போகிற யாராக இருந்தாலும் பிடித்துச் சொல்லி அனுப்புவாள். மரம் ஏற்றப் போகும் லாரிக்காரர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், தேங்காய் வியாபாரிகள். "இன்னின்ன மாதிரி ஆளு. அடிபட்டவரு உசிரோட இருக்காரு, கேசு இல்லன்னு சொல்லுங்க. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வந்திருவாவ." போனவர்கள் திரும்பி வந்து, ஆளைக் காணவில்லை என்றார்கள். அம்மா அடுத்த லாரிக்காரரிடம் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷம் ஆனது. காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைக்கவேண்டும் என்று மாமாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, "உசிரோட இருக்க மனுசனுக்குக் கொள்ளி வைப்பியளா? எந்திரிங்க" என்றாள். அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா தினமும் குளித்து, கண்ணாடிகூடப் பார்க்காமல், நெற்றியின் நடுவில் சரியாகக் குங்குமம் வைத்துக்கொள்வாள்.

நான் பஸ் கண்டக்டரானேன். செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற வண்டியைக் கேட்டு வாங்கினேன். அம்மாதான் கேட்கச் சொன்னாள். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, புளியரையில் ஒரு சோதனை, மலையேறி ஆரியங்காவில் ஒரு சோதனை. வருஷக்கணக்கில் அந்த எல்லையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடந்திருக்கிறேன். எல்லையில் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் பெய்கிற மழைதான் அந்தப் பக்கமும் பெய்யும். கொஞ்சம் கூடப் பெய்யும், அவ்வளவுதான். ஆனாலும் வண்டி அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பிடரி கூசும். யாரோ பின்னாலிருந்து பார்ப்பது போல இருக்கும்.

அப்பாவின் பின்கழுத்தில் இடப்பக்கம் ஒரு மச்சம் உண்டென்று அம்மா சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிழவரின் பின்கழுத்தையும் பார்ப்பேன். டிக்கெட் கொடுக்கக் குனிகிற சாக்கில் சட்டைக் காலரைக்கூட விலக்கிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்துச் சத்தம் போட்டார். டிரைவர் அண்ணாச்சி தலையிலடித்துக்கொண்டு, "ஏலே, ஒனக்கு என்னல ஆச்சு" என்றார்.

வண்டியை விட்டுச் செங்கோட்டை வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள்: "இன்னைக்கு அந்தப் பக்கம் யாரையும் பாத்தியா?"

"இல்லம்மா."

முதல் எட்டு வருஷம் அது உண்மை.

ஒன்பதாவது வருஷம், ஆரியங்காவுக்கு அந்தப்புறம் ஒரு நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்திரி ஆலைக்குப் போகிறவள், இருபத்து மூன்று வயதிருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது. எரிச்சலாக இருந்தது. ஒருநாள் வண்டி நின்று எல்லாரும் டீக்கு இறங்கியபோது அவள் என்னிடம் வந்து, "உங்க வீடு செங்கோட்டையா?" என்றாள். தமிழ்தான், ஆனால் மலையாளத்தில் தோய்த்த தமிழ். ஆமாம் என்றேன். அவள் என் அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

"எங்க அச்சன் சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு, செங்கோட்டையில ஒரு அண்ணன் உண்டுன்னு. உங்க முகம் அப்படியே அச்சன் முகம். அதான் நோக்கிக்கிட்டே இருந்தேன்."

அவர் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். நான் காலரை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவர் மண்ணுக்குள் இருந்தார். அங்கே அவர் இன்னொரு பெண்ணைக் கட்டியிருந்தார். ரப்பர் தோட்டத்தில் வேலை. அந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம், பாண்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். கிழக்கிலிருந்து வந்த எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர். செங்கோட்டையில் ராஜாவின் ஆளாக நடித்தவர், மலைக்கு அந்தப் பக்கம் கடைசிவரைக்கும் பாண்டிநாட்டுக்காரராகவே இருந்திருக்கிறார்.

நான் கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன். "அடிபட்டவரு சாகலங்கிறது அவருக்குத் தெரியாதுல்லா? யாரும் போய்ச் சொல்லலல்லா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் அண்ணே. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். மரம் ஏத்த வந்த லாரிக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சு வந்து சொன்னாராம். அச்சன் அவருக்குச் சோறு போட்டு, 'ஆளைக் காணலன்னு போய்ச் சொல்லிரு'ன்னு சொல்லி அனுப்பினாராம். எங்க அம்மா சொல்லியிருக்கு."

டிரைவர் அண்ணாச்சி ஹாரன் அடித்தார். நான் போய் டிக்கெட் கொடுத்தேன். இறங்கவேண்டியவர்களை இறக்கி, ஏறவேண்டியவர்களை ஏற்றினேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? செத்தவரை அடிக்க முடியாது. எல்லை குறுக்கே நிற்கிறது, அதனால் வரவில்லை என்று ஒரு பெண் இருபத்தேழு வருஷமாக எல்லையைச் சபித்துக்கொண்டிருந்தாள். பாவம், எல்லை என்ன செய்யும்? ஒளிய ஒரு கோடு கிடைத்ததும் அவர் நின்றுகொண்டார். அந்தக் கோடு நகர்ந்ததும் பின்னாலேயே போனார். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தபோது, திரும்பி வராமல் இருக்கவும் ஒரு கோடு தேவைப்பட்டது போல. அல்லது வெட்கமாக இருந்திருக்கலாம். அல்லது அங்கே வேறு அடுப்பு எரியத் தொடங்கியிருக்கலாம். அவர் இல்லாமல் அவருக்காக நான் எத்தனை பதில்தான் சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். "யாரையும் பாத்தியா?"

நெற்றியில் குங்குமம், கையில் எனக்கான தட்டு. செத்துட்டார் என்றால் அந்தக் குங்குமத்தை அழிக்கவேண்டும். எப்போது என்பாள், எங்கே என்பாள், யார் கொள்ளி வைத்தார்கள் என்பாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தச் சேலையும் பிரிந்துவிடும். தெரிந்தும் வரவில்லை என்ற இடத்துக்கு வந்து சேராமல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். அதன் பிறகு, ஓய்வுபெற்று நான் திருநெல்வேலிக்குக் குடிபோகும்வரை தினமும் அதே பதில்தான். தங்கையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த நாட்களிலும் அதே பதில். சொன்னால் நம்பமாட்டீர்கள், எல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பக்கத்தில் ஏறுகிற கிழவர்களின் பின்கழுத்தை நான் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அம்மா போன வருஷம் தொண்ணூற்று நான்கு வயதில், காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தங்கைக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றாள். அவளும் இப்போது அறுபதைத் தாண்டியவள், பேரப்பிள்ளைகள் உண்டு.

பிணத்தைக் குளிப்பாட்டும் நேரத்தில் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, தடியை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஆண்களும் பெண்களும் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"ஏலே, ஒரு வார்த்த கேக்கணும். பூவும் பொட்டும் வச்சு சுமங்கலியா அனுப்பவா? இல்ல... ஒங்க அப்பா இருந்தா இப்ப நூறு வயசுக்கு மேலல்லா. என்னன்னு நெனச்சுச் செய்ய? மகன் நீ சொல்லு."

வாழ்நாள் முழுதும் அம்மா கேட்ட கேள்விதான், இப்போது அவள் தங்கை வாயால் வருகிறது. மாமா மகன் ஒருவன், "செத்திருப்பாருல்லா, பின்ன என்ன" என்று முணுமுணுத்தான். உண்மையைச் சொல்ல இதுதான் கடைசிச் சமயம். இனி அவளுக்கு வலிக்கவும் வலிக்காது. ஆனால் அந்தத் தாலியை யார் கழற்றுவது? அறுபத்தேழு வருஷம் ஒருத்தி தினமும் காலையில் செய்த ஒரு வேலையை, நான் ஒரு சொல்லில் பொய்யாக்குவதா?

"அப்பா செத்ததை யாராவது பாத்தியளா?" என்றேன். என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது. "சுமங்கலிதான். எல்லாம் வச்சே அனுப்புங்க."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் சுறுசுறுப்பானார்கள். அரக்குக் கரைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, முகம் முழுக்க மஞ்சள், நெற்றியில் காலணா அகலக் குங்குமம். தொண்ணூற்று நான்கு வயதில் அம்மா கல்யாணப் பெண்ணாகக் கிடந்தாள். சுமங்கலியாகப் போகிறவளிடம் குங்குமம் எடுத்துக்கொண்டால் நல்லது என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். "இப்படி ஒரு பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்" என்று ஒருத்தி சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் தங்கை வந்து சேர்ந்தாள். ரயில் தாமதம். நேராக உள்ளே வந்து, பையிலிருந்து சேலையை எடுத்து விரித்தாள். தங்கச் சரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை.

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. எங்களுக்கு வெள்ளை என்றால் தாலியறுத்தவள் உடுத்துவது. சுமங்கலி என்று சொல்லிப் பொட்டு வைத்து முடித்த உடம்பின்மேல் எங்கிருந்தோ வந்த ஒருத்தி வெள்ளையை விரிக்கிறாள். "யாரும்மா நீ? வெவரம் கெட்டவளா இருக்கியே!" என்று ஒருத்தி கையைப் பிடித்துவிட்டாள்.

தங்கைக்கு முகம் செத்துவிட்டது. "எங்க பக்கத்துல நல்ல காரியத்துக்கு இதுதான் உடுப்போம். கல்யாணத்துக்கும் இதுதான்..." என்று திக்கினாள். பிறகு அவளுக்கே புரிந்தது. வெள்ளையைச் சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டாள். வேண்டுமென்றே உண்மையைச் சொல்ல வந்தவள் போல ஆகிவிட்டது. கூடத்தில் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் எழுந்து போய் அந்தச் சேலையை வாங்கினேன். "இவ அந்தப் பக்கத்துலேருந்து வந்திருக்கா. அவங்க வழக்கம் இது. அம்மா பாதி வயசுக்கு அந்த ராஜாவோட பிரஜைதானே" என்றேன். கணக்கு சரியில்லைதான், யாரும் கேட்கவில்லை. மடித்து அம்மாவின் காலடியில், பட்டுக்கு அடியில் செருகினேன். மனமில்லாமல் சித்தி தலையசைத்தாள்.

தங்கையும் வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்ததும் அம்மாவின் நெற்றியிலிருந்து ஒரு துளிக் குங்குமத்தைத் தொட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா அதே மனிதருக்காகக் குங்குமத்தை அழித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. பிறகு குனிந்து, என் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் மந்திரம் சொல்லுகிறாளாக்கும் என்று விலகி நின்றார்கள்.

கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

"அம்மா காதுல என்ன சொன்னே?"

"அச்சன் செத்துப்போறவரைக்கும் உங்களைப் பத்தியேதான் கேட்டுக்கிட்டு இருந்தாருன்னு சொன்னேன்."

எழுபத்துமூன்று வயது வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லாத செய்தி அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டாரா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கண்களாம் அவளுக்கு, எனக்கு நினைவில்லை.

"இல்ல அண்ணே" என்றாள். "ஒரு தடவகூட கேட்டதில்ல."